எட்டு மணிப் பூசைக்கு முன் ஒரு காபி

பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி மேல் எனக்கு இருந்தது சுத்தமான பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் போவதில்லை.

நான் பிறந்த எட்டாம் நாளே ஞானஸ்நானம் பெற்றவள். அவள் கம்மாபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, போன ஈஸ்டருக்குத்தான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டவள். ஆனால் நன்மை வாங்கப் போகும்போது அவளைப் பார்க்க வேண்டுமே! பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை நாங்கள் நன்மை என்றுதான் சொல்வோம். வரிசையில் எல்லோரும் கையை நீட்டி வாங்க, அவள் மட்டும் முக்காடு போட்டு, முழங்காலிட்டு, நாக்கில் வாங்குவாள். பூசையில் தூங்கி வழிகிற என் வீட்டுக்காரர்கூட, "அந்தப் பொண்ணு பக்திய பாரு" என்றார். நைட் ஷிப்ட் முடித்து வந்தவருக்கு அது மட்டும் எப்படித்தான் கண்ணில் பட்டதோ! எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஒரு ஞாயிறு, வெளியூரிலிருந்து வயதான சாமியார் ஒருவர் பழைய முறையில் லத்தீன் பூசை வைக்க வந்தார். எல்லோரும் பீடத்துக்கு முன்னால் கிராதியில் முழங்காலிட்டு நாக்கில்தான் வாங்க வேண்டும், பூசைக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக்கூடாது என்று முந்தின வாரமே கோவிலில் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

பூசை எட்டு மணிக்கு. ஆறரைக்கு வந்து என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, இன்னிக்கு ஏதோ வேற மாதிரி பூசையாமே. எதனா சாப்பிடலாங்களா?"

"ஒரு மணி நேரம்தான்டி கணக்கு. எப்பவும் போலத்தான். உக்காரு."

காபி ஆற்றிக் கொடுத்தேன். வழக்கமான சட்டம் அதுதானே, பொய்யா சொன்னேன் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். அவள் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

பூசை தொடங்குமுன் சாமியார் மறுபடியும் சொன்னார்: "அஞ்சு மணிக்கு மேல ஏதாவது சாப்பிட்டவங்க இன்னிக்கு நன்மை வாங்க வரவேண்டாம்."

நன்மை நேரத்தில் அவள் எழுந்து போனால் யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும்தான். போகட்டும், இவள் பக்தியின் லட்சணத்தை நானும் பார்க்கிறேன் என்று காத்திருந்தேன். அவள் அசையவில்லை. இருந்த இடத்திலேயே முழங்காலிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

நான் போனேன். தாடைக்குக் கீழே தட்டு வந்ததும் நாக்கை நீட்டினேன். பழைய பூசையில் வாங்குகிறவர் வாய் திறந்து பதில் சொல்வதில்லை. பழக்கதோஷத்தில் "ஆமென்" என்று உரக்கச் சொல்லித் தொலைத்தேன். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், இப்படி ஒரு மனசோடு வாங்குவது காபி குடித்துவிட்டு வாங்குவதைவிடப் பெரிய பாவம் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் முதன்முதலாக வாங்கும் புது நன்மைக்கு முன்பே படித்த பாடம்.

வெளியே வந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாமத்தானக்கா குடுத்தீங்க. அதையே நெனச்சிக்கினு இருக்காதீங்க. எனக்கும் சேத்து வேண்டிக்கினீங்களா?"

"ஆமாண்டி" என்றேன்.

அவளுக்காக ஒரு வார்த்தைகூட நான் வேண்டவில்லை. அவள் அதை அப்படியே நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு நடந்தாள். பின்னால் போய்க்கொண்டிருந்த எனக்கு அப்போதும் அவள் மேல் பொறாமைதான் வந்தது.