லென்ஸில் தெரிந்த கொலுசு மணி

திருவண்ணாமலை செங்கம் ரோட்டுக் கடைகளுக்கு மோதிரம், பாசிமாலை போன்ற சின்னப் பொருட்களைப் படம் எடுத்துத் தருகிறேன். எந்த மேக்ரோ லென்ஸ் வாங்கலாம் என்று முடிவு செய்ய, அறுபது மி.மீ., நூறு மி.மீ. இரண்டையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். குளிப்பாட்டுவதற்காகக் கழற்றிய என் பத்து மாதக் குழந்தையின் கொலுசை மேசையில் வைத்தேன்.

அறுபதில் மிகவும் நெருங்க வேண்டியிருந்ததால் கேமராவின் நிழல் கொலுசின் மேல் விழுந்தது. நூறில் தள்ளி நின்றே எடுக்க முடிந்தது. ஆனால் கொலுசு மணி ஒன்றின் மேலே கறுப்புக் கோடு தெரிந்தது.

"லென்ஸ்ல கீறல் இருக்கும். திருப்பிக் குடுத்துடு" என்றார் கணவர்.

"இன்னொரு தடவ பாக்காம குடுக்கமாட்டேங்க" என்று சொல்லி, கொலுசைத் திருப்பி வைத்து எடுத்தேன். கோடு அதே மணியின் மேல்தான் இருந்தது. மணியை மாட்டியிருந்த வளையம் பிளந்திருந்தது. விரல் பட்டதும் மணி கையோடு வந்துவிட்டது. எந்நேரமும் காலை வாயில் வைத்துச் சப்புகிற குழந்தை அவள்.

நூறு மி.மீ. லென்ஸையே வாங்கினேன். கொலுசிலிருந்த மணிகளை எல்லாம் ஆசாரியிடம் சொல்லி எடுத்துவிட்டேன். "மணி இல்லாம என்ன கொலுசு?" என்று கேட்பவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டுகிறேன். அதைப் பார்த்த என் நாத்தனார், அன்றே தன் மகளின் கொலுசைக் கழற்றிவிட்டார்.