துஷா அக்காவின் இரண்டு வருடம்

சனிக்கிழமை கனடாவில், ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் தொடவில்லை.

பெரியம்மாவின் மகள் துஷா அக்கா டாக்டர். அமெரிக்காவில் எக்ஸ்சேஞ்ச் விசிட்டர் விசாவில் பயிற்சி முடித்துப் போன மாதம்தான் திரும்பினார். கோடையில் கல்யாணம். மாப்பிள்ளை நிரோஷன் நியூ ஜெர்சியில் எஞ்சினியர், அமெரிக்கக் குடியுரிமை. பிறகென்ன, கிரீன் கார்ட் தானாக வரும் என்றுதானே நினைப்பீர்கள்? நாங்களும் அப்படி நினைத்துத்தான் மண்டபம் பிடித்தோம்.

வராதாம். அந்த விசாவில் பயிற்சி எடுத்த டாக்டர் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தே ஆகவேண்டும். அதுவரை எச்-1பி வேலை விசாவும் இல்லை, கிரீன் கார்டும் இல்லை — அமெரிக்கரைக் கட்டினாலும்!

சொந்த நாடு எது? கனடா. 'உன் நாட்டுக்குப் போ' என்று எங்கள் ஆட்களுக்கு எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அது ஸ்காபரோவைக் குறித்தது இதுதான் முதல் தடவை.

நான் சும்மா இருப்பேனா? லேப்டாப்பைத் திறந்தேன்.

"அக்கா, வழி இருக்கு! டாக்டர் இல்லாத ஊரில மூண்டு வருசம் வேலை செய்தா விலக்குத் தருவினமாம்."

"எந்த ஊர்?"

"அது... டகோட்டாப் பக்கம்."

"அதுக்கு நான் இஞ்சயே இருக்கலாம். நியூ ஜெர்சி இஞ்ச இருந்துதான் கிட்ட."

"சரி, ஓ-1 விசா! அதுக்கு இந்த ரெண்டு வருசத் தடை இல்லை. அபாரத் திறமை காட்டோணும், அவ்வளவுதான்."

பெரியம்மா சட்டென்று எழுந்தார். "இவளின்ர பரதநாட்டிய அரங்கேற்ற வீடியோ மேல கிடக்கு. எடுத்துக்கொண்டு வரட்டே?"

"அம்மா! ஆடி ஆடியே நான் ஊசி போடுறன்?"

சிரித்தோம். ஆனாலும், கல்யாணமாகி இரண்டு வருடம் ஆளுக்கொரு நாட்டிலா? நான் அடுத்த பக்கத்தைத் திறந்தேன்... அதற்கடுத்ததை...

அக்கா என் லேப்டாப்பை மூடினார். "எனக்கே எல்லா விசாவும் தேடுறாய். தடை எனக்குத்தானே, நிரோவுக்கு இல்லையே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாழ்ப்பாணத்தில் கல்யாணமான மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவதுதானே வழக்கம்? சீதனத்தை மறக்காமல் விமானத்தில் ஏற்றிய சனம், இதை மட்டும் எப்படி விட்டுவிட்டு வந்தோம்?

அக்கா ஸ்பீக்கரில் போன் போட்டார். "நிரோ, நீங்கள் இஞ்ச வந்து வேலை செய்யேலாதோ?"

பெரியம்மா கதிரையைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"வாறன்," என்றார் நிரோஷன். "ஆனா எங்கட அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்லோணும்."

எஞ்சினியர்கள் இந்த எல்லையைத் தாண்டி வேலை செய்ய இரண்டு நாடுகளுக்கும் இடையில் ஒப்பந்தமே இருக்கிறது. மாமியாரிடம் விலக்குக் கேட்கத்தான் இன்னும் ஒரு விசாவும் வரவில்லை!