மூன்றாம் மாடியில் மணி அடிக்கவில்லை

அவளை எல்லோரும் மணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடங்களாகக் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கித் தீ எச்சரிக்கை மணிகளைச் சோதிப்பது அவள் வேலை. கூரையில் ஒட்டியிருக்கும் புகைக் கருவி ஒவ்வொன்றுக்கும் நீளக் கம்பின் முனையிலிருந்து சோதனைப் புகை காட்டுவாள். சுவரிலுள்ள சிவப்புப் பெட்டியை அமுக்கிப் பார்ப்பாள். மின்சாரம் போனால் பேட்டரி தாங்குமா என்று பார்ப்பாள். எல்லாம் சரியாக இருந்தால்தான் சான்றிதழில் கையெழுத்துப் போடுவாள்.

அந்தக் கையெழுத்து எல்லோருக்கும் வேண்டும், மணிச் சத்தம் மட்டும் யாருக்கும் வேண்டாம். "பிள்ளை வேணும், பிரசவ வலி வேணாம்னா எப்படி?" என்று அலுத்துக்கொள்வாள். புகைக் கருவிக்குப் பலூன் மாட்டி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறாள். சுவருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று சிவப்புப் பெட்டிக்கு வெளிர்நீலம் பூசிய மகராசனையும் பார்த்திருக்கிறாள். மணி கேட்டுக் கேட்டு அவளுக்கு வலது காது மந்தம். வீட்டில் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைப்பார்கள். பல நாள் அது சண்டையாகவும்தான் இருக்கும்.

அவள் பொறுப்பிலிருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒன்றுக்குப் போன வருடம் புதிதாக மேனேஜர் வந்தார். வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தக் கொழுந்தனார். 'நம்ம ஆள் வந்தாச்சு, இனி வேலை சுலபம்' என்று அவள் நினைத்தாள். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

வருடாந்திரச் சோதனையன்று முதலில் பதிவேட்டைப் பிரித்தாள். வாரம் ஒரு முறை மேனேஜர் ஒரு பெட்டியை அமுக்கிப் பார்த்து அதில் எழுத வேண்டும். எல்லா வாரமும் ஒரே மை, ஒரே சாய்வு, 'எல்லாம் சரி'. பக்கத்தைப் புரட்டியவள் நிமிர்ந்தாள்.

"தம்பி, இது அடுத்த மாசத் தேதி."

"ஆமா அண்ணி, கடைசி நேரத்துல மறந்துடக் கூடாது பாருங்க."

"நடக்காத சோதனைக்கு 'எல்லாம் சரி'ன்னு எழுத நீங்க என்ன ஜோசியரா?"

"வீட்டு ஆளு நீங்க, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க அண்ணி."

அவள் போய்க் கீழ்த்தளத்துப் பெட்டியை அமுக்கினாள். கட்டடமே அலறியது. தேநீர்க் கோப்பையோடு சிலர், தொலைபேசியில் பேசியபடி சிலர், எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். மூன்றாம் மாடித் தையல் கூடத்திலிருந்து மட்டும் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

மேலே ஏறிப் போனாள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே இருபத்திரண்டு பெண்கள் தலைகுனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மணி அடிச்சுதே, கேக்கலையா?"

"எந்த மணி?" என்றாள் வாசலோரம் இருந்தவள்.

மணியக்கா ஏணி போட்டு ஏறி, அந்த மாடியின் மணியைக் கழற்றினாள். உள்ளே வயர் துண்டாகியிருந்தது.

"எலி கடிச்சிருக்கும் அண்ணி" என்றார் பின்னாலேயே ஓடிவந்த கொழுந்தனார்.

"எந்த எலி தம்பி கடிச்சுட்டு, டேப்பும் சுத்திட்டுப் போகும்?"

பூனைக்குட்டி வெளியே வந்தது. இஸ்திரி மேஜைக்கு மேலே இருந்த புகைக் கருவி, ஆவி பட்டதும் அந்த மாடி மணியை மட்டும் அடிக்க வைத்துத் தொலைக்கும். வாரத்துக்கு மூன்று தடவை. கூடத்துக்காரர்கள் புகார் சொல்ல, இவர் வயரை வெட்டினார். வயர் போனதால் கீழே கட்டுப்பாட்டுப் பெட்டியில் பழுது விளக்கு எரிந்தது. அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினார்.

"அங்க சூட்டுக்கு மட்டும் அடிக்கிற கருவி போடுங்கன்னு ரெண்டு வருஷமா எழுதிக் குடுக்கறேனே! அறிக்கையில நாலாம் பக்கம்!"

"நாலாம் பக்கம் எல்லாம் யாரு அண்ணி படிக்கறாங்க?"

அவளுக்கு ஏணியிலேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

அருகிலிருந்த மூத்த தையல்காரம்மா இயந்திரத்தை நிறுத்தினாள். "அப்போ நிஜமாத் தீப் பிடிச்சிருந்தா, எல்லாரும் கீழ போயிருப்பாங்க. நாங்க மட்டும் தைச்சுட்டே இருந்திருப்போமா?"

ஒவ்வொரு இயந்திரமாக நின்றது. பெண்கள் பைகளை எடுத்துக்கொண்டு வரிசையாகப் படியிறங்கினார்கள். மணி கேட்டால்தான் மேலே வருவோம் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சான்றிதழில் கையெழுத்துப் போடாமல் மணியக்கா வீடு திரும்பினாள். அதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது.

"கொழுந்தன் பொழைப்புல மண்ணப் போட்டுட்டியே! ஒரு கையெழுத்துதானே?" என்றாள் மாமியார்.

"இருபத்திரண்டு பேரு அத்தை."

"அதான் தீப் பிடிக்கலையே!"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று புரிந்துகொண்ட கணவர், துவைக்காத சட்டையைத் தேடுவதுபோல் உள்ளே போனார். ஒன்றும் நடக்காமலிருப்பதுதான் அவள் வேலையின் பலன். நடக்காததை யாரிடம் எடுத்துக் காட்டுவது? பத்தொன்பது வருடமாக அதற்கு அவளுக்கு விடை கிடைக்கவில்லை.

அந்தப் பெண்கள் இரண்டு நாள் அசையவில்லை. மூன்றாம் நாள் கட்டட முதலாளியே பதறியடித்துக்கொண்டு வந்தார். இரண்டு வருட அறிக்கை செய்யாததை வாசற்படியில் உட்கார்ந்தவர்கள் செய்து முடித்தார்கள். மணியக்கா வயரை இணைத்தாள், இஸ்திரி மேஜைக்கு மேலே கருவியை மாற்றினாள், ஆறு மாடியையும் முதலிலிருந்து சோதித்தாள். மூன்றாம் மாடி மணி காதைக் கிழித்தபோது பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூத்த தையல்காரம்மா மட்டும் பொத்திக்கொள்ளாமல் நின்று கேட்டாள்.

கொழுந்தனாரின் வேலை போகவில்லை, பேச்சுதான் போயிற்று. இரண்டு மாதம் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு ஒரு நாள் காலை, அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணி, அஞ்சாம் மாடிக்குப் புதுசா ஒரு ஆபீஸ் வருது. கூரைக்குக் கீழ அழகா இன்னொரு கூரை கட்டறாங்க. புகைக் கருவியெல்லாம் அதுக்கு மேல மறைஞ்சு போச்சு. பரவாயில்லையா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கட்டி முடிச்சாச்சா?"

"பாதி."

"பாதியில நிறுத்துங்க!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கால் மணி நேரம் திட்டினாள். அவரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"கட்டறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கலாம் தம்பி" என்றாள் கடைசியில், குரல் கொஞ்சம் இறங்கி. "சரி, இப்பவாவது கேட்டீங்களே. எதையும் தொடாதீங்க, வர்றேன்."

வாயைக் கொப்பளித்துவிட்டு ஏணியை எடுக்கப் போனாள்.