பதினோராம் பத்தி

டிப்போவில் அவளுக்கு ‘ஹாரன்’ என்று பட்டப்பெயர். பதினான்கு வருஷமாக பஸ் ஓட்டுகிறாள், இன்னும் சிக்னலில் ஐந்து நொடி சும்மா நிற்கத் தெரியாது. அப்படிப்பட்டவளுக்குப் போய் இந்தச் சோதனை! குடும்ப நீதிமன்றம் ஒன்பது வயது மகளை அப்பாவிடம் கொடுத்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. மிச்சம் நாலே நாள். சாப்பாடு இறங்கவில்லை. டியூட்டி முடிந்ததும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் மாதிரி வக்கீல் ஆபீசுக்கு ஓடுவாள். அங்கேயும் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடைதான்.

“நடக்காதம்மா, எனக்குத் தலை சுத்துது,” என்றார் வக்கீலம்மா. “பகல் ஷிப்ட் வாங்கிட்டேன், புதுக் கட்டில் போட்டுட்டேன்னு நீ சொல்றதெல்லாம் அப்பீல்ல எடுபடாது. கீழ்க்கோர்ட்டு எங்க தப்புப் பண்ணுச்சு, அதைக் காட்டணும்.”

“பதினோராம் பத்தி! பச்சைப் பொய்!”

தீர்ப்பில் அந்தப் பத்தி அவளுக்கு மனப்பாடம். தாய் விடிவதற்கு முன்பே முதல் பஸ் எடுக்கப் போய்விடுகிறாள், குழந்தை தனியாக எழுந்து, தானே கிளம்பி, வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறது என்று நீதிபதி எழுதியிருந்தார். தனியறையில் விசாரித்தபோது குழந்தையே சொன்னதாம். என்ன அநியாயம்! பக்கத்து வீட்டு அக்கா தினமும் வந்து தலை பின்னி அனுப்பிவைத்தாளே? சாட்சிக்குக் கூப்பிட்டபோது மட்டும், “எனக்கெதுக்கு இந்த வம்பு” என்று அவள் நழுவிவிட்டாள். எல்லாம் அந்த மனுஷன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது, வேறென்ன?

“அதைத்தான் முதல் காரணமா எழுதியிருக்கேன்,” என்றார் வக்கீலம்மா. “அப்பா சொல்லிக்கொடுத்த பொய்யைக் குழந்தை ஒப்பிச்சிருக்கு. திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடு.”

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மகள் அவளுடையவள். புதுக் கட்டிலில் குதித்துக் குதித்துப் பிள்ளைக்குப் பின்னல் அவிழ்ந்துவிட்டது. சீப்பை எடுத்துக்கொண்டு இவள் வருவதற்குள், கண்ணாடிகூடப் பார்க்காமல், நேர்வகிடு எடுத்து மளமளவென்று அதுவே பின்னி முடித்துவிட்டது.

“யாருடி கத்துக்கொடுத்தா?”

“நானேதான். பக்கத்து வீட்டு அக்கா வேலைக்குப் போக ஆரம்பிச்சதுலேர்ந்து நான்தானேம்மா பின்னிக்கிறேன்.”

“எப்போலேர்ந்து?”

“போன வருஷத்துலேர்ந்து. உங்கிட்ட சொன்னா நீ பஸ் ஓட்டறதை விட்டுடுவ. சொல்லாதீங்கன்னு அக்காகிட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன்.”

அம்மா சீப்பைக் கீழே வைத்தாள். பிள்ளைக்கோ பெருமை பிடிபடவில்லை.

“ஜட்ஜ்கிட்டயும் சொன்னேனே! நானே எழுந்துப்பேன், நானே பூட்டுவேன், எங்கம்மாவுக்கு என்னால ஒரு தொல்லையும் கிடையாது, அதனால அம்மாகிட்டயே விட்டுடுங்கன்னு. சமத்துன்னு சொன்னாரும்மா. அப்புறம் ஏன் அப்பாகிட்ட அனுப்பினாரு?”

“நீ சரியாத்தான்டி சொன்ன, கண்ணு,” என்று கட்டிக்கொண்டாள்.

மறுநாள் வக்கீலம்மா பேனாவை நீட்டினார். இவள் வாங்கவில்லை.

“முதல் காரணத்தை அடிச்சுடுங்கம்மா.”

“விளையாடறியா? அதை அடிச்சா அப்பீல்ல ஒண்ணுமே மிஞ்சாது.”

“எம் பொண்ணு பொய் சொல்லல. அவளைப் பொய்க்காரின்னு எழுதி அவளை வாங்கிட்டு வர என்னால முடியாது. வேற வழி சொல்லுங்க.”

வக்கீலம்மா பேனாவை மூடினார். “நிலைமை மாறிடுச்சு, பகல் ஷிப்ட் கிடைச்சிருக்குன்னு அதே கோர்ட்டுல புது மனு போடலாம். ஆனா அதே நீதிபதி. அன்னிக்கு அவர் எழுதினது சரின்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கிடைக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்.”

“ஒத்துக்கறேன். எழுதுங்க. குழந்தை தனியாத்தான் கிளம்பிப் போச்சு, பெத்தவளுக்கு அது தெரியவே இல்லன்னு எழுதுங்க.”

“அது உனக்கு எதிரால்ல போகும்?”

“போகட்டும். எங்கிட்டயே இருக்கணும்னுதான் அவ அதைச் சொன்னா. அதையும் கீழேயே எழுதிடுங்க.”