பூட்டக்காவின் பெல்ட்

என் தம்பி மனைவிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கும் பெயர் பூட்டக்கா. எந்தப் பூட்டைப் பூட்டினாலும் இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், பின்னாலேயே போய்த் திருகைத் தொட்டுப் பார்ப்பாள். "நான் என்ன வீட்டைக் கொளுத்தவா பொறந்திருக்கேன்?" என்று கேட்டால், "நம்பிக்கை வேற, சோதனை வேற அண்ணி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாத்தனார் பதவிக்குக் கோபம் இலவசம் என்பான் என் தம்பி.

அவள் ஏட்டு. ஆயுத அறை அவள் பொறுப்பு. டியூட்டிக்குப் போகிறவர்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் எடுத்துக் கொடுக்க வேண்டும், திரும்பி வந்ததும் வாங்கி வைக்க வேண்டும். ஒரு தோட்டா குறைந்தாலும் ஸ்டேஷன் தலைகீழாகிவிடும். எல்லாரிடமும் திருப்பி வாங்குகிறவள் அவள். ஆனால் அவளிடம் திருப்பி வாங்க யாரும் இல்லை. அந்த ஓட்டை அவள் கண்ணிலேயே பட்டதில்லை.

நான் தையல்காரி. முன்னறையில் மிஷின் போட்டிருக்கிறேன். அந்த ஸ்டேஷன் யூனிஃபார்ம் முழுவதும் என் கையால் தைத்தது. இன்ஸ்பெக்டரின் தொப்பை எந்த வேகத்தில் வளர்கிறது என்பது அவர் மனைவியைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். குருவி எனக்குப் பழக்கமானதும் இப்படித்தான். கான்ஸ்டபிள். கடையில் வாங்கிய யூனிஃபார்மைப் போட்டால் உள்ளே ஆளைத் தேட வேண்டும், அவ்வளவு சின்ன உருவம். ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. சுடுவதில் அந்த வட்டாரத்திலேயே அவளை மிஞ்ச ஆள் இல்லை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. சுடக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியை ஆக வேண்டும். அதற்கென்று ஒரு பயிற்சி உண்டு. அது எப்போது வரும் என்று மேலே இருக்கிறவர்களுக்கே தெரியாது. வந்தாலும் எங்கள் ஸ்டேஷன் வரை எட்டாது. இந்தத் தடவை இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று அனுபவத்துக்காகப் பூட்டக்காவுக்கு. இன்னொன்றுக்கு நான்கைந்து பேர் போட்டி போட்டார்கள். பூட்டக்கா இன்ஸ்பெக்டரின் மேஜை முன்னால் நின்று மல்லுக்கட்டிக் குருவிக்கு வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து குருவிக்கு அவள் சொன்னதே வேதம்.

துப்பாக்கியோடு பயணம் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில். இவள் பெட்டியின் சாவி அவள் கழுத்தில், அவள் பெட்டியின் சாவி இவள் கழுத்தில். கிளம்பும் முன் ஒருவர் சாமானை இன்னொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஷூ, லத்தி, விலங்கு, பெல்ட்டில் தொங்கும் ஒவ்வொரு உறை, எதுவும் தப்பக்கூடாது. ஏதாவது தப்பினால் பார்க்க வேண்டியவர்தான் பொறுப்பு. "வச்சவங்க மறக்கலாம், பாக்கறவங்க மறக்கக் கூடாது" என்று இதைப் புதிதாய் வருகிறவர்களுக்கு ஓதுகிறவளே பூட்டக்காதான். பார்க்கவிடாமல் யாராவது தடுத்திருந்தால் மட்டும் பொறுப்பு தடுத்தவர் தலையில். அதையும் அவளே ஓதுவாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் யாரோ வரவில்லையென்று பூட்டக்காவைக் காவல் டியூட்டிக்கு நிறுத்தியிருந்தார்கள். வழக்கமாக அவள் பெல்ட்டில் உபரி மேகசின், அதாவது தோட்டா அடைத்துத் துப்பாக்கியில் மாட்டும் கூடு, இருக்காது. அன்று ஒன்றை நிரப்பிப் பின்பக்க உறையில் சொருகினாள். டியூட்டி முடிந்து துப்பாக்கியைத் தானே தன்னிடம் ஒப்படைத்தாள். இந்த மேகசினை மறந்துவிட்டாள்.

மறுநாள் ஸ்டேஷனில் குருவியின் பையையும் பெல்ட்டையும் அவள் துருவித் துருவிப் பார்த்தாள். பிறகு குருவி பார்க்கும் முறை. பூட்டக்காவின் பையைப் பார்த்து முடித்து பெல்ட்டுக்குக் கை நீட்டினாள்.

"என் பெல்ட்டையே தடவப் போறியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் பெல்ட் கட்டினவடி. வா, பஸ் போயிடும்" என்றாள் பூட்டக்கா. விளையாட்டாகத்தான் சொன்னாள். குருவி சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டாள்.

பஸ்ஸில் ஒரே கூத்தாம். இருவரும் சாதாரண உடையில், மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்துச் சீட்டு ஆள், "மேல வச்சுட்டு நிம்மதியா உக்காருங்களேன். அப்படி என்ன இருக்கு அதுல?" என்று விடாமல் கேட்டிருக்கிறான். "அக்காவோட கோவம் சார். பூட்டி வச்சிருக்கோம்" என்றாளாம் குருவி. அந்த ஆள் இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லும்போது பூட்டக்காவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

பயிற்சி மைதானத்து வாசலில் நீள மேஜை போட்டிருந்தது. பல ஸ்டேஷன்காரர்கள் வரிசையில் நின்றார்கள். துப்பாக்கிப் பெட்டி ஒரு பக்கம் போனது, தோட்டாப் பெட்டி ஒரு பக்கம் போனது. கடைசியில் பெல்ட். அங்கிருந்த அதிகாரி பூட்டக்காவின் பெல்ட்டைக் கையில் எடுத்து ஒவ்வொரு உறையாக அமுக்கிக்கொண்டே வந்தார். பின்பக்க உறையில் கை நின்றது. மேகசினை உருவி மேஜைமேல் வைத்தார். நிறையத் தோட்டா.

பூட்டக்காவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. "இந்த பெல்ட்டப் பாத்தது யாரு?" என்றார்.

"நான்தான் சார்" என்றாள் குருவி.

"பாத்தியா?"

"இல்ல சார்."

"ஏன்? யாராவது வேணாம்னு சொன்னாங்களா?"

குருவி திரும்பிப் பூட்டக்காவைப் பார்த்தாள். பூட்டக்கா குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தாள். அது அவிழ்ந்திருக்கவே இல்லை. கட்டியிருந்த லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"இல்ல சார். மறந்துட்டேன்" என்றாள் குருவி.

பூட்டக்காவுக்கு மைதானத்தைச் சுற்றி ஓடும் தண்டனை. சாமானோடு ஓடினாள். ஓட ஓடச் சுகமாக இருந்தது என்றாள். குருவிக்கு உடனே திரும்பிப் போகும் உத்தரவு. துப்பாக்கியோடு தனியாகப் போகக்கூடாதென்று ஜீப் கொடுத்தார்கள். ஏறும் முன் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றிப் பூட்டக்காவின் கையில் வைத்து, "நல்லாப் பண்ணுங்கக்கா" என்றாளாம். பூட்டக்காவும் தன் கழுத்திலிருந்ததைக் கொடுத்தாள். வாயைத் திறந்தால் போதும், ஜீப்பில் ஏற வேண்டியவள் மாறியிருப்பாள். அவள் திறக்கவில்லை.

பயிற்சியை முடித்து, சட்டைக் கையில் தைக்கும் பேட்ஜோடு வந்து சேர்ந்தாள். தம்பி தன் மெக்கானிக் கடையை அன்றைக்கு மூடிவிட்டு, வாசலில் போவோர் வருவோருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தான். அவள் மட்டும் தொடவில்லை. சட்டையை என் மிஷின்மேல் போட்டாள். நான் பேட்ஜை வைத்து ஊசியை இறக்கப் போனேன்.

"அண்ணி, தச்சுட்டா அப்புறம் பிரிச்சா தடம் தெரியுமா?"

"தெரியும். எதுக்குப் பிரிக்கணும்?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் இன்ச் டேப்பைச் சுருட்டி வீசினேன். "ஊருக்குத்தான் உபதேசமா? அந்தப் பொண்ணு எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருந்தா தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணி. நான்தானே வாங்கிக் குடுத்தேன்."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"அத்தனை ஸ்டேஷன்காரங்களும் நிக்கறாங்க. பூட்டக்காவே கோட்டை விட்டுட்டு, பாக்கவும் விடலன்னு சிரிப்பாங்களேன்னு தோணிச்சு. அந்த நிமிஷம் எனக்கு அவ ஞாபகமே வரல. என் பேருதான் ஞாபகம் வந்துச்சு."

பொய் சொல்லியிருந்தால் இன்னும் திட்டியிருப்பேன். உண்மையைச் சொன்னதால் என்ன செய்வதென்று தெரியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று தம்பி ஆறுதல் சொல்ல வந்தான். சறுக்கினது யானை, நசுங்கினது குருவி என்று அவனை விரட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை குருவி தானே வந்தாள். தைக்கக் கொடுத்திருந்த பேண்ட்டை வாங்கிப் போக. பூட்டக்கா அறைக்குள் ஓடப் பார்த்தாள். நான் வழியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மேஜைமேல் கிடந்த பேட்ஜை குருவி எடுத்து விரலால் தடவினாள்.

"இன்னும் தைக்கலியாக்கா? எனக்கு உங்கமேல வருத்தம் எதுவும் இல்ல. ரெண்டு பேர் மேலயும் தப்புன்னு ஆகியிருந்தா ரெண்டு பேருமே திரும்பி வந்திருப்போம். நம்ம ஸ்டேஷனுக்கே அசிங்கம். அதுக்குத்தான் நீங்க பேசாம நின்னீங்க. எனக்குப் புரிஞ்சுது."

தப்பிக்க இதைவிட நல்ல வழி யாருக்குக் கிடைக்கும்? தலையை ஆட்டினால் போதும். எனக்கே ஒரு கணம் ஆட்டிவிடு என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

"இல்லடி. ரூல் அப்படி இல்ல" என்றாள் பூட்டக்கா. "நான் தடுத்தேன்னு சொல்லியிருந்தா என்னை மட்டும்தான் அனுப்பியிருப்பாங்க. நீ அங்கயே இருந்திருப்பே. அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் குனிஞ்சேன். ஸ்டேஷனுக்காக இல்ல. எனக்காக."

குருவி பேட்ஜை எடுத்த இடத்திலேயே வைத்தாள். பேண்ட்டை மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள். முகத்தில் கோபம் வந்திருந்தால் பரவாயில்லை. ரொம்ப நாள் குடியிருந்த வீட்டைக் காலி செய்கிறவள்போல் இருந்தது அந்த முகம்.

"வரேன் மேடம்" என்றாள்.

எத்தனை அக்கா கேட்டிருப்போம் அந்த வாயிலிருந்து. மேடம் என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பூட்டக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. மிஷினை மட்டும் ஓட்டாமல் இருந்தேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக இன்ஸ்பெக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். "போன பஸ்ஸக் கை தட்டிக் கூப்பிட்டா வருமா?" என்று கேட்டாராம் அவர். இருந்தாலும் மேலே எழுதினார். குருவியின் பெயரில் இருந்த குறை நீங்கியது. இடம் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த பயிற்சி வரும்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஆயுத அறைச் சாவியைப் பூட்டக்காவிடமிருந்து வாங்கிக் குருவியிடம் கொடுத்துவிட்டார். குருவி கேட்டது அதுவல்ல. ஆனால் வாங்கிக்கொண்டாள்.

இப்போது பூட்டக்கா மற்றவர்களோடு வரிசையில் நிற்கிறாள். டியூட்டி முடிந்து துப்பாக்கியை ஒப்படைத்ததும் குருவி வெளியே வந்து அவள் பெல்ட்டைத் தடவிப் பார்க்கிறாள். ஒவ்வொரு உறையையும் திறந்து விரலை விட்டுப் பார்க்கிறாள். பின்பக்கத்து உறையை இரண்டு தரம். "சரியா இருக்கு மேடம்" என்கிறாள். அதற்குமேல் ஒரு பேச்சில்லை. பேட்ஜ் என் பட்டன் டப்பாவில் கிடக்கிறது.

போன வாரம் சட்டைக் காலரைத் திருப்பித் தைக்கக் கொண்டுவந்த பூட்டக்காவிடம் கேட்டேன். "தினம் தினம் அத்தனை பேர் முன்னாடி அப்படி நிக்கறது உனக்குக் கஷ்டமா இல்லியா?"

"அது கஷ்டமே இல்ல அண்ணி" என்றாள். "நேத்து கூட்டம் ஜாஸ்தி. என் முறை வந்தப்ப, குருவி ஏதோ பழைய ஞாபகத்துல, 'நீங்க போங்கக்கா'ன்னு சொல்லிட்டா."

"அக்கான்னாளா? பின்ன என்ன, நல்ல சேதிதானே?"

"நான் போகல. கையத் தூக்கிட்டு அங்கயே நின்னேன். அவ வந்து தடவிப் பாக்கற வரைக்கும்."