அமாவாசை மத்தியானம் விழுந்த தட்டு

பேய் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் கிடையாது. உசிலம்பட்டிப் பக்கத்துக் காட்டில் உச்சி வெயிலில் தனியாக மாடு மேய்த்தவள் நான். பேய் வந்திருந்தால் அதையும் சேர்த்துப் பத்திக்கொண்டு வந்து தொழுவில் கட்டியிருப்பேன். அப்பேர்ப்பட்டவளைத்தான், செல்லூரில் வாக்கப்பட்ட சில மாதத்துக்குள் பேய் பிடித்தவள் என்று தெரு முழுக்கப் பேசினார்கள். எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது.

என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாம் தாரம். விசைத்தறியில் வேலை, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவருடைய முதல் மனைவி ஒரு அமாவாசை மத்தியானம் உள்ளறையில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, பூச்சிபொட்டு கடித்த தடமும் இல்லை. பேய் அடித்துவிட்டது என்று தூக்கிப் போனார்கள். எனக்கு இதெல்லாம் தாலி ஏறிய பிறகுதான் தெரியும். கல்யாணத் தரகர் வாயில் அன்றைக்குக் கொழுக்கட்டை இருந்திருக்கும்போல.

அந்த உள்ளறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதிக்கும் பெரிய அடுப்பின் புகைபோக்கி, எங்கள் சுவரை ஒட்டித்தான் மேலே போனது. சுவர் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சு, மூலையில் மேலிருந்து கீழே விரிசல் விட்டிருந்தது.

கார்த்திகை அமாவாசை. வெளியே அடைமழை. தறிக்கும் பட்டறைக்கும் அமாவாசை லீவு என்பதால் தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. சன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிட்ட அசதியில் படுத்தேன். எங்கேயோ சங்கிலி இழுபடும் சத்தம், தொடர்ந்து 'டங்'கென்று இரும்பு விழும் சத்தம். கொஞ்ச நேரத்தில் மண்டைக்குள் சம்மட்டி அடிக்க ஆரம்பித்தது. கண்ணைத் திறந்தால் அந்த விரிசல் மூலையில் ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். முகம் சுவரைப் பார்த்திருக்க, முதுகு முழுக்க அவிழ்ந்த கூந்தல். தலை மெதுவாக முன்னும் பின்னும் ஆடுகிறது. எழுந்து ஓடலாம் என்றால் கால் இரண்டும் என் காலாகவே இல்லை. எப்படியோ தவழ்ந்து வாசலுக்கு வந்து வாந்தி எடுத்தேன். மழைக்காற்று பட்டதும் தெளிந்தது.

"யாத்தே! அவதான். மூத்தவதான் வந்துட்டா" என்று என் மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். சங்கிலிச் சத்தம் அவருக்கும் பழக்கம்தான். அமாவாசைக்கு அமாவாசை அவள் சங்கிலியோடு வருகிறாள் என்பதே அவர் நம்பிக்கை. நான் அப்போது மாசமாக வேறு இருந்தேன். கோடாங்கியைக் கூட்டி வந்தார். உடுக்கை அடித்துக் குறி பார்த்த அந்த ஆள், "வகுத்துல இருக்கற புள்ளையக் கேக்குறா" என்று சொல்லி, என் கையில் தாயத்தைக் கட்டினான்.

மார்கழி அமாவாசைக்கு அவள் வரவில்லை. தாயத்தின் மகிமை என்று மாமியார் பூரித்துப் போனார். கோடாங்கிக்கு மீசை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. தை பிறந்ததும், "தை அமாவாசையோட கதைய முடிச்சிருவோம். சன்னல், சந்து பொந்து எல்லாத்தையும் களிமண் வச்சு அடைச்சு, இவள உள்ள வச்சுப் பூட்டுங்க. விளக்கு வைக்கிற வரைக்கும் தொறக்கக் கூடாது. வெளிய போக வழியில்லாம அவ அடங்கிருவா" என்றான். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் வயிற்றில் இருப்பதை நினைத்துச் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

அப்படித்தான் அந்த மத்தியானம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே உடுக்கைச் சத்தம். சன்னலில் ஈரக் களிமண் வாடை. அப்போது சங்கிலி இழுபட்டது. டங்.

பயத்தைவிடக் கோபம்தான் முந்தியது. சொம்பை எடுத்துச் சுவரில் மடார் மடாரென்று அடித்தேன். "எவ அவ? தைரியம் இருந்தா பேசுடி!"

சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு ஆம்பளைக் குரல் வந்தது. "நாந்தேன் தங்கச்சி, பட்டறை அடுப்புக்காரன்."

"அண்ணே, அது என்னண்ணே சத்தம்?"

"பொகைத்தட்டும்மா. பொகைபோக்கிக்குக் குறுக்க ஒரு இரும்புத் தகடு. சங்கிலியப் புடிச்சு இழுத்தா தொறக்கும், விட்டா விழுந்து மூடிக்கிரும். லீவன்னைக்கு அடுப்ப அவிக்க மாட்டோம். கங்க மூடிவச்சுத் தட்டையும் போட்டுட்டா சூடு மேல ஓடாது, மறுநா வரைக்கும் தண்ணி ஆறாது."

"போன மாசம் சத்தத்தக் காணோமே?"

"பொங்கச் சரக்கு அவசரம்னு லீவே விடலையேம்மா. அடுப்பு எரியையில தட்டு தொறந்துதான இருக்கும்."

சுவரை ஒட்டி நின்று கேட்டேன். "மேல அடச்சுட்டா, கங்கோட மூச்சு எங்கிட்டுண்ணே போகும்?"

"எங்கிட்டாச்சும் போகும் தங்கச்சி. கங்குல பொகையா இருக்கு?" செருப்புச் சத்தம் தேய்ந்தது. நான் கூப்பிடக் கூப்பிடப் போய்விட்டார்.

மூலைக்குப் போய் விரிசலில் உள்ளங்கையை வைத்தேன். உள்ளேயிருந்து யாரோ ஊதுவதுபோல வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. வாடையும் இல்லை, புகையும் இல்லை. எங்கள் ஊரில் கரிமூட்டம் போடுகிறவர்கள் மூட்டத்துப் பக்கத்தில் படுக்காதே, சொக்க வைத்துக் கொன்றுவிடும் என்பார்கள். அதே சமாச்சாரம்தான் இந்த அறைக்குள் நிறைந்துகொண்டிருந்தது. அது வெளியே போக இருந்த ஒரே வழியையும் களிமண் வைத்து அடைத்திருந்தார்கள்.

கதவை ஓங்கி ஓங்கித் தட்டினேன். "அத்த, தொறங்க! பேயுமில்ல பிசாசுமில்ல, அடுப்புக் காத்து! வகுத்துப் புள்ள செத்துரும் அத்த!"

"தொறக்காதீக! பேசுறது இவ இல்ல, அவ. புள்ளையக் கேக்குறா பாருங்க!" என்று கத்தினான் கோடாங்கி. உடுக்கை இன்னும் வேகம் பிடித்தது. கூறுகெட்ட பயல். அவனை நன்றாக ஏசிவிடலாம் என்று வாயெடுத்தேன், நாக்கு புரளவில்லை. முட்டி கழன்றுகொண்டது. கதவோரம் சரிந்தவள் மூலையைப் பார்த்தேன். அவள் உட்கார்ந்திருந்தாள். ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

கத்தத் தெம்பில்லை. கதவிடுக்கில் வாயை வைத்து அவரைத்தான் கூப்பிட்டேன். "ஏங்க... தலை வலிக்குதுங்க."

அவ்வளவுதான். சாவியைத் தேடக்கூட இல்லை, அம்மிக்குழவியால் கதவை உடைத்து என்னை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினார் அந்த மனிதர். தடுத்த கோடாங்கி சாக்கடையில் கிடந்தான்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டறைக்காரர்கள் தட்டின் நடுவில் ஓட்டை போட்டார்கள், மூடினாலும் கங்கின் மூச்சு மேலே போக வழி இருக்கும் என்று. விரிசலை என் வீட்டுக்காரர் தன் கையாலேயே சிமெண்டு வைத்துப் பூசினார். அதற்குப் பிறகு அவள் வந்ததே இல்லை.

பூசி முடித்தவர் கரண்டியைக் கீழே வைக்காமல் அந்த மூலையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அம்புட்டுக் கத்தியும் திறக்காதவர், அந்த ஒரு சொல்லுக்கு ஏன் கதவை உடைத்தார் என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவளும் அன்னைக்கு அதேதான் சொன்னா. 'ஏங்க, தலை வலிக்குதுங்க'ன்னு. வெளிச்சம் படாமத் தூங்கட்டும்னு நாந்தேன் சன்னலையும் கதவையும் சாத்திட்டுப் போனேன்."