நோலீனின் பழைய கண்ணும் புதுக் கண்ணும்

நோலீன் பாஸ்கோவின் தாய் வழியில் எல்லாருக்குமே அறுபதைத் தாண்டினால் கண்ணில் புரை விழும். பெரியம்மா ஐவிக்கு விழுந்தது, மாமா க்ளாரிக்கு விழுந்தது. நோலீனுக்கு மட்டும் விழாமல் இருக்குமா? ரான்ஃபர்லி பக்கத்துப் பண்ணைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுகிறவள் அவள். ஆபரேஷன் செய்துகொள்ளாவிட்டால் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

அவளோ நாளைக் கடத்திக்கொண்டே வந்தாள். காரணம் ஒரு நட்சத்திரம். தெற்கு வானத்தில் சிவப்பாக, சில மாதம் பிரகாசித்துச் சில மாதம் மங்கும். கல்யாணமான வருஷத்திலிருந்து அதைப் பக்கத்து வெள்ளை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, எவ்வளவு வெளிச்சம் என்று கண்ணாலேயே மதிப்பிட்டு ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்பி வருகிறாள். ஒரே நட்சத்திரத்தை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கப் பெரிய தொலைநோக்கிகளுக்கு நேரம் ஏது?

புரை விழுந்த கண் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிக் காட்டும். புரையை எடுத்தால் வெள்ளை நட்சத்திரங்கள் பளிச்சிடும், சிவப்பு அவற்றுக்கு முன்னால் மங்கிப்போகும். நட்சத்திரம் மாறாமலே கணக்கு மாறிவிடும். இத்தனை வருஷத்துத் தொடர்ச்சி அங்கேயே அறுந்துபோகும் என்பதுதான் அவள் பயம்.

"அந்த நட்சத்திரம் ஒரு தடவையாவது உன்னைத் திரும்பிப் பாத்திருக்கா?" என்றான் கணவன் டெஸ், சீஸ் ரோலுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

"நீ டிவில ரக்பி பாக்கறியே, அவங்க உன்னப் பாக்கறாங்களா?"

"சரி, விடு. உன் லைசென்ஸ் போச்சுன்னா அந்த ஹோகன்தான் பஸ் ஓட்டுவான். டிராக்டரையே குளத்துல இறக்கினவன்."

அது சுருக்கென்று தைத்தது. மறுநாளே ஆராய்ச்சிக்காரி இமோஜனுக்குப் போன் போட்டாள்.

"இனிமே நான் உங்களுக்குப் பிரயோஜனப்பட மாட்டேன், இமோஜன்."

"ரெண்டு கண்ணுக்கும் ஒரே நாள்லயா செய்யறாங்க?"

"இல்ல, ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு."

"அப்போ ரெண்டாவதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமான்னு கேளுங்க, நோலீன். புதுக் கண்ணால ஒரு தடவை, பழைய கண்ணால ஒரு தடவை, தனித்தனியா பாத்து அனுப்புங்க. வித்தியாசம் எவ்வளவுன்னு தெரிஞ்சா பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் ஒட்டிடலாம். உங்கள மாதிரி பாத்து அனுப்பற மத்தவங்கல்லாம் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு எங்ககிட்ட சொல்றதே இல்ல."

வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. லைசென்ஸ் தேர்விலும் தேறிவிட்டாள். உறைபனி விழுந்த மாலைகளில், சாப்பாடு முடிந்ததும் ஒரு கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு கொல்லையில் நிற்பாள். பிறகு துணியை மறு கண்ணுக்கு மாற்றுவாள்.

"கொள்ளைக் கப்பல் எப்போ கிளம்புது, கேப்டன்?" என்பான் டெஸ்.

புதுக் கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் எந்த மாலையிலும் ஏறக்குறைய அதே அளவு மங்கல். கழித்துக் கணக்குப் பார்க்கலாம். நட்சத்திரம் முழு வெளிச்சத்தில் இருக்கும்போதும் வித்தியாசம் அதேதானா என்று பார்ப்பதுதான் பாக்கி. சேதி பரவ, டிமரூ, நெல்சன் என்று மற்ற ஊர்களிலும் அவளைப்போல நட்சத்திரம் பார்த்துவந்த, புரை விழுந்த கிழடுகள் இரண்டாவது கண்ணைத் தள்ளிப்போட்டுவிட்டு ஒவ்வொரு கண்ணாக வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "இடது கண்ணுக்கு அடுத்த மாசம் தேதி இருக்கு."

"அடுத்த மாசம் வேண்டாம்மா. அது இப்பத்தான் மங்கி அடியில கிடக்கு. ஏறி முழு வெளிச்சத்துக்கு வந்துடட்டும்."

"எது, கண்ணா?"

"கண்ணுக்கு ஒண்ணும் அவசரமில்ல. டாக்டரும் சரின்னுட்டார். வசந்தத்துல ஒரு தேதி குடு, கட்டாயம் வர்றேன்."